நித்திரையின்மையும் இளைஞர் மனமும்

(சங்கத்தின் கூட்டமொன்றிற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)





இன்றைய கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபொழுது, எதைப்பற்றிப் பேசப்போகிறீர் என்று வினவினார். நித்திரையைப்பற்றி என்றேன். “அதைப் பேசித்தானா வரவழைக்கவேண்டும்? எங்கள் கூட்டங்களிலே கடைசி வாங்கில் இருப்பவர்கள் தாமாகவே அதைச் செய்துவிடுகிறார்களே” என்று சிரித்தார். அவர் சொன்னது பகிடிதான். ஆயினும், பகலிலே கூட்டத்தில் தூங்கி விழும் இளைஞருட் பலர் இரவிலே கட்டிலில் விழித்துக் கிடந்தவர்கள் என்பதை எண்ணும்போது எனக்கு அது முழுப் பகிடியாகத் தோன்றவில்லை.

இராமாயணக் கதையிலே நித்திரையைத் துறந்த இலக்குவனும் இருக்கிறான்; நித்திரைக்கென்றே பிறந்த கும்பகருணனும் இருக்கிறான். நாம் இருவரும் அல்லோம். நித்திரை இன்றி வாழவும் நம்மால் இயலாது. வேண்டியபோது அதனை ஏவலாளைப்போல் அழைக்கவும் இயலாது. வா என்று வற்புறுத்தினால் விலகிப் போவதும், மறந்திருந்தால் வந்து கண்ணை மூடுவதும் அதன் இயல்பு. இந்த இயல்பை அறியாமல் நாம் செய்யும் உபசாரங்கள் சில வேளை உபத்திரவமாக முடிகின்றன. அவ்வாறு முடிந்த ஒன்றை நானே செய்திருக்கிறேன். அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த முதலாம் ஆண்டில் விடுதியிலே என் அறையில் ஒரு நண்பன் இருந்தான். அவன் பெயரையும் ஊரையும் கூறேன். இதனைப் பேச அவன் சம்மதித்திருக்கிறான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டை விட்டு முதன்முறை பிரிந்து வந்தவன், விரிவுரைகளோ ஆங்கிலத்தில், ஊரிலே தகப்பனார் நோயாளி, முன்னே முதற்பரீட்சை. இவை யாவும் சேர்ந்து அவனுடைய நித்திரையைக் குலைத்தன. இரவு முழுவதும் புரண்டு கிடப்பான். காலையில் முகம் வாடியிருக்கும்.

நான் அவனுக்கு நான்கு யோசனைகள் சொன்னேன். “மச்சான், ஒன்பது மணிக்கே படு” என்றேன்; இது ஒன்று. “நித்திரை வராவிட்டாலும் எழும்பாதே, கண்ணை மூடிக்கொண்டு கிட, உடம்புக்கு ஓய்வாவது கிடைக்கும்” என்றேன், இது இரண்டு. “இரவில் விட்டதை மத்தியானத்திற் பிடி” என்றேன், இது மூன்று. “சோதினைக் கவலை தீரட்டும், நித்திரை தானாக வரும்” என்றேன், இது நான்கு. அவன் என்னை நம்பினான். ஒன்பது மணி தொடக்கம் காலை ஏழு மணிவரை பத்து மணி நேரம் கட்டிலிற் கிடந்தான். அதிற் கண்ணயர்ந்தது துண்டு துண்டாக ஆறு மணி நேரம் இருக்கலாம். மூன்றாம் மாதத்திலே, பக்கத்து அறையில் இருவர் பேசினால் தன்னைப்பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினான். விறாந்தையில் யாரோ தன் பெயரைச் சொல்லி அழைத்ததாக ஓரிரவு என்னை எழுப்பினான். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஊருக்குப் போய்விட்டான், ஓராண்டை இழந்தான்.

அன்பர்களே, நான் வைத்தியன் அல்லன்; உளவியலை ஒரு பாடமாகப் பயில்பவன். நண்பன் சென்ற பின்னர், செய்தது சரியா என்ற கேள்வி மனதை அரித்தமையால் நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தேன். நான் சொன்ன யோசனைகள் நான்கும் தவறானவை என்று அப்போது அறிந்தேன். அவை ஏன் தவறு, எது சரி என்பதே இன்றைய என் பேச்சு.

கடைசி யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனம் கலங்கினால் நித்திரை கெடும் என்பதை எல்லாரும் அறிவர். ஆதலால் நித்திரையின்மையை மனக்கலக்கத்தின் வால் என்றே நெடுங்காலம் வைத்தியரும் கருதிவந்தனர். தலையைப் பிடித்தால் வால் தானே வரும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நித்திரை கெட்டாலும் மனம் கலங்குமன்றோ? நித்திரையை மட்டும் சீர்செய்தால் மனம் தெளிகிறதா என்று சோதித்தாலன்றி இந்த வழக்குத் தீராது.

அந்தச் சோதனையை நடத்தியவர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் பிறீமன் என்னும் உளவியற் பேராசிரியரும் அவருடைய துணைவரும் ஆவர். பிரித்தானியாவின் 26 பல்கலைக்கழகங்களில் நித்திரையின்மையால் வருந்திய 3,755 மாணவர் அதிற் சேர்ந்தனர். குலுக்கற் சீட்டுப் போடுவதுபோல அவர்களை இரு கூறாக்கினர். 1,891 பேருக்கு நித்திரைப் பழக்கத்தைத் திருத்தும் ஆறு பாடங்கள் இணையத்தின்மூலம் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ 20 நிமிடம். சித்திர உருவமாக அமைந்த ஓர் ஆசிரியர் கற்பிப்பார். எஞ்சிய 1,864 பேர் வழக்கமாகப் பெறும் உதவியோடு விடப்பட்டனர். பெறுபேறு 2017ஆம் ஆண்டிலே ‘லான்செற்’ குடும்பத்தின் உளமருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது.

பத்தாவது வாரத்திற் பார்த்தபோது, பாடம் பெற்றவர்களுடைய நித்திரை மற்றவர்களுடையதைக் காட்டிலும் நன்றாகச் சீர்ப்பட்டிருந்தது. அது எதிர்பார்த்ததே. ஆனால், பிறர் தமக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற ஐயமும், இல்லாத ஒலியும் உருவும் புலப்படுவதும் அவர்களிடையே குறைந்திருந்தன. மனச்சோர்வும், பதற்றமும், கெட்ட கனவுகளுங்கூடக் குறைந்தன. ஐயத்தைப்பற்றி அந்தப் பாடங்களில் ஒருவரும் போதிக்கவில்லை. போதித்தது நித்திரையைப்பற்றி மட்டுமே. ஐயம் குறைந்ததில் ஏறத்தாழ 60 வீதம் நித்திரை சீரானதன் வழியே வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று, விறாந்தையிலே தன் பெயர் கேட்டதாக என்னை எழுப்பிய நண்பனை நினைத்தேன்.

எதனையும் மிகைப்படுத்தக்கூடாது. நித்திரையில் ஏற்பட்ட நன்மை பெரிது. ஐயத்தில் ஏற்பட்ட நன்மை சிறிது. பாடம் பெற்ற 1,891 பேரில் ஆறு பாடங்களையும் பார்த்து முடித்தவர்கள் 18 வீதத்தினரே. ஒரு பாடத்தையும் திறவாதவர் மூன்றிலொரு பங்கினர்க்குக் கிட்ட. மருந்து கசப்பானது அன்று. ஆனால் விடாமுயற்சி வேண்டுவது. எனினும் ஒன்று நிச்சயம்: நித்திரையின்மை மனக்கலக்கத்தின் வால் மட்டுமன்று, அதன் வேர்களுள் ஒன்று. வேரைக் கவனிக்கப் பரீட்சை முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

இனி, நித்திரை எப்படி வருகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982ஆம் ஆண்டிலே, நித்திரையை இரு சக்திகள் ஆளுகின்றன என்று விளக்கினார். ஒன்று நித்திரைப் பசி. வயிற்றுப் பசியைப்போலவே, எழுந்த நேரந்தொட்டு அது சிறிது சிறிதாக வளரும். நித்திரை கொண்டால் தணியும். மற்றது உடலின் உள்ளே ஓடும் கடிகாரம். அது ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றி, இது விழிப்பு நேரம், இது துயில் நேரம் என்று அறிவிக்கும். காலை வெளிச்சம் அக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. பசி முற்றிய வேளையிற் கடிகாரமும் துயில் நேரம் காட்டினால், நித்திரை அழையாமலே வரும்.

இப்போது என் மூன்றாம் யோசனையைப் பாருங்கள். மத்தியானத்தில் ஒன்றரை மணி நேரம் படுத்தவன், இரவுச் சோற்றுக்கு முன் வயிறு நிறையப் பலகாரம் தின்ற பிள்ளையை ஒப்பான். இரவில் அவனுக்குப் பசி எங்கிருந்து வரும்? படிப்பதற்காக மாலையிற் குடிக்கும் கடுந்தேநீரும் கோப்பியும் அந்தப் பசியை மறைப்பவை. கோப்பியின் சாரமாகிய கபீன் உடலிற் பாதியாகக் குறைவதற்குச் சாதாரணமாக ஐந்து மணி நேரமளவு செல்லும். ஆறு மணிக்குக் குடித்த கோப்பியின் பாதி பதினொரு மணிக்கும் நம்மோடு விழித்திருக்கிறது.

முதலாம் யோசனையும் அப்படியே. வாலிபப் பருவத்தில் உடற் கடிகாரம் சற்றுப் பின்வாங்கி ஓடும். சிறு பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு வரும் நித்திரை பதினேழு வயதினனுக்குப் பதினொரு மணிவரை வராமலிருக்கலாம். பெரியோர் இதனைச் சோம்பல் என்றும் ஒழுங்கீனம் என்றும் கண்டிப்பதுண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மேரி காஸ்கேடன் 1976ஆம் ஆண்டு தொடக்கம் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கோடைகால முகாம் வைத்துப் பிள்ளைகளின் துயிலை அளந்தவர். வயது ஏற ஏறத் தேவை குறையும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் வளர்ந்த பிள்ளைகளும் இடங்கொடுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நித்திரை கொண்டனர். தேவை குறையவில்லை, நேரந்தான் பிந்துகிறது என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. அத்தகைய ஒருவனை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்வது, பந்தி போடுமுன் இலையின் முன்னே இருத்திவைப்பது போன்றது. இலையைப் பார்த்துக்கொண்டே அவன் பொறுமை இழப்பான்.

பொறுமை இழந்த பின் நிகழ்வதே மிக முக்கியமானது. நியூயோர்க் நகரத்து அறிஞர் ஆதர் ஸ்பீல்மன் நித்திரையின்மைக்கு மூவகைக் காரணங்களைக் கூறினார். பிறவியிலேயே எளிதிற் கலங்கும் இயல்பு ஒரு வகை. ஒரு நாளில் வந்து தாக்கும் துன்பம், அதாவது பரீட்சை, பிரிவு, மரணம், நோய் முதலியன, மற்றொரு வகை. மூன்றாவது வகை, நித்திரை கெட்ட பின் அதைப் பிடிப்பதற்காக நாம் கைக்கொள்ளும் பழக்கங்கள். நேரத்தோடு படுத்தல், கிடந்தபடி கிடத்தல், பகலிற் படுத்தல், மணிக்கூட்டைப் பார்த்தல் முதலியன இவ்வகை. துன்பம் வந்து போய்விடும், பழக்கம் தங்கிவிடும். விருந்தாளி போன பின்னும் அவர் கட்டிய கொட்டில் முற்றத்தில் நிற்பதுபோல. நடத்தைச் சிகிச்சை பிரிப்பது இந்தக் கொட்டிலைத்தான். பிறவி இயல்பை மாற்றுவது அரிது; துன்பத்தைத் தடுப்பதும் நம் கையில் இல்லை; பழக்கமோ நம் கையில் இருக்கிறது.

கட்டிலிற் கிடந்து விழித்திருப்பதால் என்ன கேடு? றிச்சட் பூற்சின் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1972ஆம் ஆண்டில் இதற்கு விடை சொன்னார். பவ்லோவ் என்ற ருசிய விஞ்ஞானியின் நாய்களைப்பற்றி நாம் பாடசாலையிலே படித்திருக்கிறோம். உணவுக்கு முன் ஒலி கேட்டுப் பழகிய நாய்க்கு, ஒலி கேட்ட மாத்திரத்தே வாயூறும். அதுபோலக் கட்டிலும் ஓர் அடையாளம். நித்திரை கொள்பவனுக்குக் கட்டில் நித்திரையின் அடையாளம். ஆறு மாதம் கட்டிலிற் கிடந்து கவலைப்பட்டவனுக்கோ அது கவலையின் அடையாளமாகிவிடுகிறது. கதிரையிற் கண் சொக்கியவன் கட்டிலுக்குப் போனவுடன் திடுக்கிட்டு விழிப்பதன் காரணம் இதுவே.

ஆகவே பூற்சின் சில விதிகளை வகுத்தார். கண் சொக்கினாலன்றிக் கட்டிலுக்குப் போகாதே. களைப்பு வேறு, கண் சொக்குதல் வேறு. கட்டிலை நித்திரைக்கு மட்டும் வைத்துக்கொள். படிப்பும், சாப்பாடும், கைத்தொலைபேசியும் வேறிடத்தில். படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் நித்திரை வராவிடின், எழுந்து வேறிடம் சென்று மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய். சொக்கும்போது திரும்பி வா. மீண்டும் வராவிடின் மீண்டும் எழுந்திரு. எத்தனை மணிக்கு நித்திரை வந்தாலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்திரு. பகலிற் படுக்காதே.

விடுதி மாணவர் இதைக் கேட்டுச் சிரிப்பர். நால்வர் வாழும் அறையிற் கட்டிலே மேசை, கட்டிலே கதிரை, கட்டிலே வரவேற்பறை. வேறிடத்துக்கு எங்கே போவது? உண்மைதான். ஆயினும் பகலிற் கட்டிலின்மேல் ஒரு விரிப்பைப் போட்டுத் தலையணையை எடுத்துவைத்து, கால்மாட்டில் அமர்ந்து படிக்கலாம். இரவில் தலைமாட்டுக்கு அதை மீட்டுக் கொடுக்கலாம். எழுந்து போக விறாந்தை இருக்கிறது. அதுவும் இல்லையேற் கட்டிலை விட்டு நிலத்தில் ஒரு பாயில் அமர்ந்திருக்கலாம். ‘இந்த இடம் துயிலுக்கு’ என்று மனம் மறுபடி கற்றுக்கொள்வதே வேண்டியது.

அடுத்த முறை இதனினும் விசித்திரமானது. ஸ்பீல்மன் தாம் சிகிச்சை செய்த 35 நோயாளரைப்பற்றி 1987ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நித்திரை குறைந்தவர்களை அவர் கட்டிலிற் குறைந்த நேரமே இருக்கச் செய்தார்! என் நண்பனையே உதாரணமாகக் கொள்வோம். பத்து மணி நேரம் கிடந்து ஆறு மணி நேரம் நித்திரை கொண்டான். பயன் 60 வீதம். ஸ்பீல்மன் முறைப்படி, முதலில் ஓரிரு வாரம் தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம், நித்திரை கொண்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து வரவேண்டும். பின்னர், கொள்ளும் ஆறு மணி நேரத்தை மட்டுமே கட்டிலுக்கு அளக்கவேண்டும்: இரவு 12.30க்குப் படுக்கை, காலை 6.30க்கு எழும்புதல். முதற் சில நாள் கடினம். பகலில் கண் செருகும். ஆனால் நித்திரைப் பசி வளர்ந்து வளர்ந்து, துண்டு துண்டாய் இருந்த துயிலை ஒன்றாகச் சேர்த்துவிடும். அந்த ஆறு மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரம் நித்திரை கொண்டால் பயன் ஏறத்தாழ 92 வீதம். அப்போது கால் மணி நேரம் கூட்டி 12.15க்குப் படுக்கலாம். இவ்வாறு வாரம் வாரமாக, போதிய அளவு வரும்வரை கூட்டிச் செல்வர். எவரையும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்குவது வழக்கமில்லை.

மூன்றாவது, எண்ணங்களைப்பற்றியது. ‘இன்றும் நித்திரை வராவிட்டால் நாளை ஒன்றும் எழுத முடியாது, வாழ்வே பாழ்’ என்ற எண்ணம் நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது; படபடக்கும் நெஞ்சில் நித்திரை ஏது? மணிக்கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கச் சொல்கிறார்கள். மாலையிலே, படுக்கைக்கு வெகு முன்னர், கால் மணி நேரம் அமர்ந்து கவலைகளையும் ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தையும் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். இரவில் அதே கவலை கதவைத் தட்டினால், ‘உன்னை எழுதிவைத்தாயிற்று’ என்று சொல்லலாம். விக்ரர் பிராங்கல் என்னும் வியன்னா வைத்தியர் வேறொரு தந்திரத்தைக் காட்டினார். நித்திரை கொள்ள முயலாமல், விழித்திருக்க முயல். முயற்சி நீங்கினால் நித்திரைக்குப் பகை நீங்குகிறது.

நித்திரைக் குளிசை இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். குளிசை வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. அதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். ஆனால் அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016ஆம் ஆண்டிலே, வளர்ந்தோரின் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற்கண் கொடுக்கவேண்டியது மருந்தன்று, இந்த நடத்தைச் சிகிச்சையே என்று விதந்துரைத்தது. குளிசை உண்ணும் இரவுக்கு உதவும். பழக்கம் வாழ்நாளுக்கு உதவும்.

இன்னொரு வினா இதனினும் கனமானது. மனம் நொந்தவனுக்குக் கட்டிலே புகலிடம். அதையும் பறிப்பது கொடுமையன்றோ? நானும் அவ்வாறே எண்ணினேன். கடும் மனநோய்க்குள் விழக்கூடிய நிலையில் இருந்த 14 முதல் 25 வயது வரையான 40 பேரைச் சேர்த்து, அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஒக்ஸ்போட் குழுவினர் நித்திரைச் சிகிச்சை அளித்துப் பார்த்த ஒரு சிறு முன்னோடிச் சோதனை 2023இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்ற இளைஞரின் நித்திரை பெரிதும் திருந்தியது. இத்தகையோருக்குக் கொடுக்கும்போது, படுக்கை நேரத்தைக் குறைப்பதோடு நில்லாமற் பகலையும் நிரப்புகிறார்கள். காலை வெயிலில் ஒரு நடை, செய்ய ஒரு வேலை, பேச ஓர் ஆள் என்பன அவை. கட்டிலை மட்டும் பறித்துவிட்டுப் பகலை வெறுமையாக விட்டால் அது கொடுமையே. பகலிற் புகலிடம் கொடுத்துவிட்டு இரவிற் கட்டிலைத் துயிலுக்கு மீட்பது சிகிச்சை.

எச்சரிக்கையும் ஒன்று சொல்லவேண்டும். மனம் அளவுகடந்து எழுச்சியுறுவதும் சோர்வதுமாக மாறி வரும் இருமுனை நோய் உள்ளவர்க்கும், வலிப்பு நோய் உள்ளவர்க்கும் படுக்கை நேரத்தைக் குறைப்பது ஆபத்தாகலாம். வாகனம் ஓட்டுவோரும் முதல் வாரங்களில் மிகக் கவனமாயிருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கும், மனம் பெரிதும் கலங்கியவர்க்கும் வைத்தியரோ பயிற்சி பெற்றவரோ அருகிருந்தே இதனைச் செய்யவேண்டும். குரல்கள் கேட்கின்றன என்போரையும், வாழ்ந்து பயனில்லை என்று சொல்வோரையும் தாமதியாமல் உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம்.

நம்மைப்போன்ற வாலிபர் சங்கத்தவர் செய்யக்கூடியது யாது? பெரிய வைத்தியம் நம்மிடம் இல்லை. ஆனால் நித்திரை இல்லை என்று ஒருவன் சொன்னால், ‘உனக்கு என்ன கவலை?’ என்று மட்டும் கேளாமல், ‘எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழும்புகிறாய்?’ என்றும் கேட்கலாம். மனக்கலக்கம் என்று சொல்ல வெட்கப்படும் இளைஞன், நித்திரை வரவில்லை என்று சொல்ல வெட்கப்படமாட்டான். அந்தச் சிறு வாசல் வழியாகவே அவனைப் பெரிய உதவிக்கு அழைத்துச் செல்லலாம்.

நான் மிசன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவன். அங்கே காலை ஐந்தரைக்கு ஒரு மணி அடிக்கும். ஞாயிறென்றும் பாராது, மழையென்றும் பாராது அடிக்கும். அந்த மணியை நாங்கள் எவ்வளவு வைதோம்! இரவிலே தலையணையிற் தலை பட்டவுடன் துயின்றதற்கு அந்த மணியும் ஒரு காரணம் என்பதை இப்போது அறிகிறேன். பல்கலைக்கழக விடுதியில் மணி இல்லை. சுதந்திரம் கிடைத்தது; எழும்பும் நேரம் தொலைந்தது.

என் நண்பன் அடுத்த ஆண்டு திரும்பி வந்தான். ஒரு வைத்தியரிடம் மருந்தும், ஓர் ஆலோசகரிடம் நான் இங்கே கூறிய நித்திரைப் பயிற்சியும் பெற்றிருந்தான். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அவனாலும் இயலாது, என்னாலும் இயலாது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “விடு மச்சான், எங்கட அம்மாவும் அதைத்தானே சொன்னவ” என்றான். பின், தன் ஆலோசகர் எழுதிக்கொடுத்த கடதாசியைக் காட்டி, “காலை ஆறரைக்கு என்னைத் தட்டி எழுப்ப ஓர் ஆள் வேணும்” என்றான்.

அன்று தொடக்கம் அவனுக்கு நான்தான் மணி. ஞாயிறென்றும் பாராது தட்டுகிறேன். முதல் மாதம் என்னை வைதான். இப்போது பல நாட்களில் நான் தட்டுமுன் எழுந்து விறாந்தையில் நிற்கிறான். சென்ற பரீட்சையில் முழுப் பத்திரங்களையும் எழுதி முடித்தான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் அயலிலும் இரவில் விளக்கணைத்து விழித்துக் கிடக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். ‘படு, படு’ என்று சொல்லாதீர்கள். காலையிலே அன்போடு கதவைத் தட்டுங்கள்.